நாலேகால் மணி

டி.எச். ரோட்டில், விடியாத நேரம்.
மூணு பார் ஐஸ் ஏற்றிய என் மீன்பாடி வண்டி
காசிமேட்டுக்குப் போகிற வழியில்
ஆக்ஸிலேட்டரை விட்டதும் வெடித்தது.
ஒரே ஒரு டமால்.

எங்கள் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால்
யாரும் ரோட்டைப் பார்ப்பதில்லை.
வானத்தைப் பார்ப்பார்கள்.
ஆயில் டாங்கிக்கு மேலே புகை எழுகிறதா,
மணலிப் பக்கம் சிவக்கிறதா,
காற்று யார் வீட்டுப் பக்கம்.

லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி ஓடிவந்தவரின்
இன்னொரு கையில் குழந்தை, தலைகீழாக.
மூன்றாம் மாடிக்காரி
கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான்
ஜன்னலுக்கு வந்தாள்.

என் வண்டிதான் என்று தெரிந்ததும் வசவு.
கொஞ்சம் சிரிப்பு.
அப்புறம் ரோடே மெக்கானிக் ஆகிவிட்டது.

"சோக்கு இழுத்தது இழுத்தபடி நிக்குது பாரு,
குடிச்சுக் குடிச்சு ஏப்பம் விடுது."
"பிளக்கைக் கழட்டு நைனா, கரி ஏறியிருக்கும்."
"பாயிண்ட் கேப்பு. நெருப்பு லேட்டா வருது."
பால் வண்டிக்காரர் மட்டும் குரலைத் தாழ்த்தி,
"பங்க்கை மாத்து."

மறுபடி உதைக்க மனசு வரவில்லை.
அந்தக் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.
தள்ளிக்கொண்டே போனேன்.
துறைமுகம் சேர்வதற்குள் ஒரு பார்
தண்ணீராகி எனக்கு முன்னால் போயிருந்தது.

ஏழு மணிக்கு தஸ்தகீர் பாய் ஷட்டரைத் தூக்கினார்.
என்ன ஏது என்று கேட்கவில்லை.
வண்டியை ஓடவிட்டு
சைலன்சர் வந்து சேரும் மூட்டுக்குப் பக்கத்தில்
ஈர உள்ளங்கையைக் காட்டினார்.
புஸ் புஸ் என்றது.

"கேஸ்கட் போச்சு இஸ்ரவேலு.
உள்ளே எரியாம தப்பிச்ச பெட்ரோல்
சுடுற குழாயில படுத்துக் கிடக்கும்.
இந்த ஓட்டை வழியா வெளிக்காத்து போச்சுன்னா
அங்கேயே பத்திக்கும்."
பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:
"அது பத்துற இடமே இல்ல."

கேஸ்கட் முப்பது ரூபாய். கூலி நூறு.
ஐஸ் கணக்கை நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் நாலேகால்.
வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு போனது.
லுங்கிக்காரர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.
மூன்றாம் மாடியில் மட்டும் விளக்கு.
ஜன்னலில் அவள் நின்றிருந்தாள்.
கையைத் தூக்கி, சரியாகிவிட்டது என்று காட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
டாங்கிகளுக்கு மேலே
பார்த்துக்கொண்டிருந்தாள்.