இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

மூன்றாம் நாள் இரினியோ கிடைத்துவிட்டான்.
கைபேசி இன்னும் பரானா ஆற்றில்.
முப்பது நொடிக்கொரு முறை
ஆறு இலக்க எண்
சேற்றுக்குள் மாறிக்கொண்டிருக்கும்,
கெளுத்திகளுக்காக.

கடவுச்சொல் டெல்ஃபினாவுக்குத் தெரியும்:
நாயின் பெயரும் மணநாளும்.
பெசோவை நம்பாமல் சேர்த்த பிட்காயின்
பாதிச் சாவிக்குத் திறக்காது.

"வாலட்டின் நிரல் ஊருக்கே திறந்து கிடக்கிறதாமே,
நீ படிப்பாயே" என்றாள்.
மாத்தே ஆறிப்போயிருந்தது.

படித்தேன்.
பூட்டின் வயிறு முழுக்கத் தெரிகிறது,
கதவு மட்டும் அசையவில்லை.

இந்த வரியில் முன்பு ஓர் ஓட்டை இருந்தது,
ஒரு விரல் நுழையும் அளவு.
மூன்று குளிர்காலத்துக்கு முன்
யாரோ அடைத்திருக்கிறார்கள்.
பக்கத்தில் தேதி, காரணம்,
என் பெயர்.

அதையும் அவளுக்குக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்துவிட்டு
"நன்றாகத்தான் அடைத்திருக்கிறாய்" என்றாள்.