ஒன்றுக்கு ஒன்று

டிரா என்றால் வெற்றியில்லை, தோல்வியில்லை.
நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
ஐந்து நாள் ஆடி, கைகுலுக்கி,
மழையில் கலைந்து போவது.

ஃப்ளீட்வுட்டில்
கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று.
நவம்பர் மாதச் சனிக்கிழமைக் காலை
செவிலி டனூட்டா அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு
நார்மன் த்ரெல்ஃபாலின் முழங்கை மடிப்பைத் தட்டுகிறாள்:
கொஞ்சம்தான், டிரா பண்ணிவிட்டுப் போய்விடுவேன்.
நரம்பு வழுக்கி ஒளிகிறது.
மூன்றாவது குத்தில் குழாயில் ஏறுகிறது ரத்தம்,
கருஞ்சிவப்பாய்,
அவசரமே இல்லாமல்.

போலந்திலிருந்து வந்து ஆறு வருடம் அவளுக்கு.
கைப்பையில் ஒரு நோட்டு,
கேட்ட சொல்லைக் கேட்ட வீட்டோடு குறித்துவைக்க.
இந்தச் சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தாள்.
இப்போது மூன்றாம் பக்கம்.

ஐரீன் தேநீர்க் குடுவைக்குக் கம்பளிக் குல்லா மாட்டி
உட்காரு பெண்ணே, டிரா ஆகட்டும் என்கிறாள்.
சாறு இறங்க நாலு நிமிடம்.
அதற்குள் கணப்பு அணையப் பார்க்கிறது.
காற்று திசை மாறினால் இந்தப் புகைபோக்கி
டிரா பண்ணவே பண்ணாது, சனியன்.
முழங்காலிட்டு, நேற்றைய செய்தித்தாளை விரித்து
அடுப்பின் வாயை அடைக்கிறாள்.
தாள் உள்ளே குழிகிறது. உறுமுகிறது.
யாரோ ஒரு மந்திரியின் கன்னத்தில் பழுப்பு படர்வதற்குள்
வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறாள்.

எடுக்க, இறங்க, உறிஞ்ச என்று
இதற்குள் நான் மூன்று வினைகளைச் செலவழித்தாயிற்று.
இன்னும் உருவ வேண்டும், வரைய வேண்டும், இறைக்க வேண்டும்.
அவர்களோ அந்த ஒற்றைச் சாவியை
எல்லாப் பூட்டிலும் நுழைத்துத் திருப்புகிறார்கள்.
திறக்கவும் திறக்கிறது.

எங்கள் டிராலர், ரோசல் மெய்ட்,
பதினாலு அடி டிரா பண்ணுவாள் என்கிறார் நார்மன்
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு.
பதினாலு அடி எதை இழுப்பாள்? டனூட்டாவின் பேனா தயார்.
ஒன்றையும் இழுக்கமாட்டாள்.
தண்ணீருக்குள் தன்னை எவ்வளவு ஒளித்துக்கொள்வாள்
என்பது கணக்கு.
அதற்குக் குறைந்த ஆழத்தில் கொண்டுபோனால்
தரை தட்டும்.
அவள் எழுதிக்கொள்கிறாள்.
பேச்சு கப்பலைப் பற்றித்தானா என்று
அவளுக்கு நிச்சயமில்லை.

காற்றழுத்தமானிக்குப் பின்னால் ஒரு கடிதம் இருக்கிறது.
ஹல்லில் இருக்கும் தம்பி கிளைவ் எழுதியது,
பத்தொன்பது வருடம் ஆகிறது:
போதும், இதன் கீழே ஒரு கோடு டிரா பண்ணிவிடுவோம்.
அளவுகோல் அகப்படவில்லை என்று
நார்மன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார்.
ஐரீன் சிரிப்பதை நிறுத்தி வெகுகாலம்.

பிற்பகல்.
நாற்பத்தோரு வருடமாய் அவர் நிரப்பும் கால்பந்துச் சீட்டு
போர்வை மேல் கிடக்கிறது.
எட்டு ஆட்டம் சமனில் முடிந்தால் பெரும்பணம்.
எட்டுப் பெருக்கல் குறிகள்.
யார் ஜெயிப்பார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை;
யாரும் ஜெயிக்காத சனிக்கிழமை ஒன்றுக்காகவே
வாரம் ஒரு பவுண்டு கட்டியவர்.
ஒருமுறை ஏழு வந்தது.
எட்டாவதில் கடைசி நிமிடத்தில் எவனோ
தலையால் முட்டிவிட்டான்.

நாலு மணிக்கே பொழுது குறுகிவிட்டது.
காலையில் கண்கூசுகிறதென்று டனூட்டா
பாதி இழுத்துவிட்டுப் போன திரைச்சீலை
அப்படியே நிற்கிறது.
அதை டிரா பண்ணேன், ஐரீன்.
அவள் எழுந்து போய்த் துணியைப் பிடித்தாள்.
மூடவா, திறக்கவா?
இந்த வீட்டில் பிறந்த சொல்தான்,
ஐம்பத்திரண்டு வருடம் கேட்ட குரல்தான்.
ஆனாலும் திரும்பிப் பார்த்தாள்.
அவர் கண்ணை மூடியிருந்தார்.
வெளியே கலங்கரை விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

இடது பக்கத்தை முழுக்கத் திறந்தாள்.
வலது பக்கத்தை முழுக்க மூடினாள்.

வளையங்களின் சத்தத்துக்கு விழித்தவர்
வெளிச்சம் ஒரு தோளிலும் இருட்டு ஒரு தோளிலுமாக
அவளைப் பார்த்தார்.
ஒன்றுக்கு ஒன்று, என்றார்.
பென்சிலைத் தேடி,
சீட்டில் எந்தக் கட்டத்திலும் சேராத ஓர் ஓரத்தில்
ஒரு பெருக்கல் குறி.

ஐந்து மணிக்கு வானொலி முடிவுகளை வாசித்தது.
எட்டில் இரண்டு, என்றாள் ஐரீன்.
மூன்று, என்றார்.