நிறம் தப்பாத கை

குர்லா கிழக்கில் மூன்றாம் மாடி.
சன்னலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
ஒரு சுவர், ஒரு சாக்கடை, அவ்வளவுதான்.
மேசையில் உள்ளங்கை நீள டீசல் எஞ்சின்
மூடி கழன்று மல்லாந்து கிடக்கிறது.
“ஞாயிற்றுக்கிழமை ஓடணும், ஜெபராணி”
என்று பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொடுத்தவர்
தாதர் கெர்சாஸ்ப்.

முதல் டிகோடரைக் கொன்றது நான்தான்.
மோட்டாரின் அடித்தகடு சட்டத்தைத் தொட்டிருந்ததைப்
பார்க்காமல் மின்சாரம் கொடுத்தேன்.
ஒரு நூல் புகை.
மூவாயிரத்து இருநூறு ரூபாய்
கடுகு வெடிக்கும் சத்தம்கூட இல்லாமல் போனது.

டிகோடர் இல்லாத எஞ்சின் யார் சொல்லையும் கேட்காது,
தண்டவாளம் கொடுத்த அளவுக்கு ஓடும்.
கேட்க வைக்க வேண்டுமென்றால்
மோட்டாரை முதலில்
எல்லோரிடமிருந்தும் பிரிக்க வேண்டும்.
தேன் நிற நாடாவை அடியில் ஒட்டிப் பிரித்தேன்.
மல்டிமீட்டரின் ஒரு முனை சக்கரத்தில், மறுமுனை மோட்டாரில்.
கூவவில்லை.
இந்த வேலையில் மௌனம்தான் நல்ல சேதி.

சிவப்பு வலது சக்கரத்துக்கு, கறுப்பு இடதுக்கு,
ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு,
வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு,
நீலம் இரண்டுக்கும் பொது.
பகலெல்லாம் ஊதா மூடி, சிவப்பு மூடி என்று
ரத்தக் குழாய் அடுக்குகிற கை இது.
நிறம் தப்பாது.

எந்த டிகோடரும் பிறக்கும்போது அதன் பெயர் மூன்று.
மூன்றே, என்றேன். முன் விளக்கு எரிந்தது.
மூன்றே, மெதுவாக முன்னே வா.
வந்தது,
பின்பக்கமாக.

ஆரஞ்சும் சாம்பலும் இடம் மாறியிருக்கின்றன.
நிறம் தப்பாத கை!

இருபத்தொன்பதாம் அமைப்பில் ஒன்றைக் கூட்டினால்
பின் என்பது முன் ஆகிவிடும், தெரியும்.
கூட்டினேன்.
எஞ்சின் முன்னே போக, பின் விளக்கு எரிந்தது.
சோம்பேறி இரட்டிப்பு நடப்பான் என்பது
எனக்காகவே சொன்னது.
ஒன்றைக் கழித்துவிட்டு மறுபடி சூட்டுக்கோலை எடுத்தேன்.
ஈயம் உருகிய நேரம் பார்த்துக் கசாரா போனது.
என் கை ஆடவில்லை. மேசை ஆடியது.

அப்புறம் ஓடும், நிற்கும்,
ஓடும், நிற்கும்.
கூடத்திலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட் பஞ்சால்
பன்னிரண்டு சக்கரத்தையும் துடைத்தேன்.
தண்டவாளத்தைத் துடைத்தேன்.
நாலாவது தடவைதான் உறைத்தது:
வெளியே வண்டி போகும்போதெல்லாம்
இது நிற்கிறது.
பெரியவனுக்கு வழி விடுகிறாயோ?

அடுத்த கர்ஜத் வரும்வரை
பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தேன்.
வந்தது.
எல்லாக் கம்பியும் எஞ்சினோடு ஆட
சாம்பல் மட்டும் தன் ஈயத்துக்குள் தனியாக ஆடியது.
பற்று பளபளக்கவில்லை,
ஆறிய கஞ்சி மாதிரி மங்கிக் கிடந்தது.
இத்தனை கருவியும் காட்டாததை
கூட்டம் தொங்கும் ஒரு லோக்கல் காட்டிவிட்டுப் போனது.

கடைசி வண்டி போகக் காத்திருந்து
அசையாத மேசையில் பற்றவைத்தேன்.
இப்போது வேறு சங்கடம்:
சரியானதா என்று சொல்ல
ஒரு ரயிலும் இல்லை.

வட்டத்தில் ஓடவிட்டேன்.
காலை ஏழுக்கு எனக்கு டியூட்டி.
நாலு மணி சொச்சத்தில்
சுவருக்கு முதலில் தெரிந்தது,
பிறகு டம்ளர் தண்ணீருக்கு.
எஞ்சின் அப்போது வளைவில் இருந்தது.

நிற்கவில்லை.
விளக்கு மட்டும் ஒரு முறை சிமிட்டியது.

நீலக் கம்பியாக இருக்கும்.
ஞாயிறுக்கு இன்னும் இரண்டு ராத்திரி இருக்கிறது.