முப்பத்திரண்டு இலக்கம்

வ்லோரா பிறந்து பதினோரு நிமிடம் கழித்து
பெஸ்னிக்.
பிராங்ஸில் ஒரே அறை, ஒரே மேசை,
கணக்கில் இருவருக்கும் தொண்ணூற்று மூன்று.
விண்ணப்பத்தில் பன்னிரண்டு பள்ளிகள், ஒரே வரிசை.
அவளைப் பார்த்துத்தான் அவன் எழுதினான்.
அந்தக் காப்பியை மட்டும் யாரும் தப்பென்று சொல்லவில்லை.

மதிப்பெண் சமமானால் எண் பேசும்.
கணினி ஆளுக்கொன்று கொடுத்திருந்தது,
முப்பத்திரண்டு இலக்கம், நடுநடுவே எழுத்து.
அவளுடையது பூஜ்யத்தில் தொடங்கியது,
அவனுடையது எஃப்பில்.
வரிசையில் முன்னால் நிற்பது
பூஜ்யம்தானாம்.

மார்ச் மாதம்.
கொதிகலன் கரி படிந்த கையோடு
பள்ளிக்கே வந்துவிட்டார் அப்பா அக்ரோன்.
நாலு மாடிக் கட்டடத்தின் எல்லாச் சாவியும்
அவர் இடுப்பில்.
"எண்ணை யார் எடுத்தது?"
"யாரும் எடுக்கவில்லை," என்றார் மிஸ் பெல்நாப்.
"அதுதான் கஷ்டம். ஆள் இருந்தால்
போய்ப் பேசலாமே."

திருவுளச்சீட்டு என்கிறது என் மொழி.
சீட்டு புரிகிறது.
உளம் யாருடையதென்று
நானும் இதுவரை கேட்டதில்லை.

"எஃப் என்றால் பதினைந்து, அப்பா.
பூஜ்யத்தைவிடப் பெரிசு,"
என்றான் பெஸ்னிக்.
அவனே சிரித்தும் கொண்டான்.

செப்டம்பர்.
அவளுக்கு இரண்டு ரயில் மாற வேண்டும்;
ஐந்து ஐம்பதுக்கு எழுகிறாள்.
அவன் பள்ளி இரண்டு தெரு தள்ளி,
ஏழே கால் வரை தூங்கலாம்.

விளக்குப் போடாமல்
பையின் ஜிப்பை
பல் பல்லாக மூடுகிறாள்.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து
அவன் ஒவ்வொரு பல்லையும்
எண்ணிக்கொண்டிருக்கிறான்.