மர முறிவு வீதம்

பதினேழாம் துண்டைத் தண்ணிக்குள் போட்டாயிற்று.
காலை ஏழு இருபது.
தடிப்பு, பன்னிரண்டு மில்லிமீற்றர்.
நாளை இதே நேரம் எவ்வளவு என்று
மாங்குளத்துச் சுண்ணாம்புத் தண்ணி சொல்லட்டும்.

பசை என்னுடையது.
புளியங்கொட்டையை வறுத்து, தோல் கழற்றி,
மில்லுக்காரர் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில்
அவருடைய மில்லிலேயே அரைத்த மா.
அதோடு மரவள்ளி மா ஒரு பங்கு.
தோலை எறியவில்லை.
நாக்கைக் கட்டுகிற அந்தத் துவர்
மரத்தையும் கட்டுமா என்று பார்க்கிறேன்.

முந்தின பசை கொழும்பிலிருந்து பீப்பாயில் வந்தது.
நல்லாய் ஒட்டியது, பொய் சொல்லக்கூடாது.
ஆனால் அழுத்தியைத் திறக்கும் ஒவ்வொரு தரமும்
கொட்டில் முழுக்கக் கண்ணீர்.
"ஆர் செத்தது?" என்று கேட்பான் கேதாரநாதன்,
முகத்தைத் துடைத்தபடி.
அந்தப் பலகையில் செய்த அலுமாரிக்குள்
என் சீலைகள் மூன்று மாதம்
ஆஸ்பத்திரி மணத்தன.

குற்றிகளைச் சீவ முதல்
பிரசாந்தி அவற்றின்மேல் உலோகம் தேடும் தடியை நகர்த்துவாள்.
ஆறு வருடம் முகமாலையில் கண்ணிவெடி எடுத்தவள்.
கை இன்னும் அதே வேகம், சாண் சாணாய்.
கீச்சென்றால் குற்றி வேலியோரம் போகும்.
ஆணியாகவும் இருக்கலாம் என்பாள்.
இப்போது நாற்பது குற்றி கிடக்கிறது அங்கே,
கோழிகள் ஏறி நிற்கின்றன.

ஒன்பதாம் துண்டு றொட்டிபோல ஊதிவிட்டது.
பன்னிரண்டில் பச்சைப் பூஞ்சணம்.
பதினாலை வெயிலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.
பக்கத்து வளவு மாடு
ஒரு மூலையைத் தின்று முடித்திருந்தது.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்: மாடு.
கொழும்புப் பலகையை அது மணந்து பார்த்துவிட்டு
தும்மிக்கொண்டு போனதையும் எழுதியிருக்கலாம்.

தாங்கின துண்டுகளை
இழுவைப் பொறியின் தாடைக்குள் கொடுப்பேன்.
பிளக்கும்வரை இழுக்கும்.
பிறகு பூதக்கண்ணாடி.
பசைக்கோட்டில் வழுவழுப்பாய்க் கழன்றால்
பசை தோற்றது.
மரம் கிழிந்து, ஒரு பக்கத்து நார்
மற்றப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால்
பசை வென்றது.
நூற்றுக்கு எத்தனை பங்கு நார் என்பதுதான்
நான் நிரப்புகிற கட்டம்.

வவுனியா நீதிமன்றில்
அவரும் நானும் பிரிந்த அன்று
இரண்டு பக்கமும் வழுவழுப்பாய் இருந்தன.
பதினொரு நிமிடம்.
வெளியே வந்து ஆளுக்கொரு பஸ் ஏறினோம்.

பதினாறாம் துண்டுக்கு முப்பத்தைந்து வந்தது.
பள்ளிக்கூட மேசைக்கு இருநூறு பலகை கேட்டிருக்கினம்,
எண்பது என்று போடும் பிள்ளை,
ஆர் வந்து பார்க்கப் போறான் என்றார் முகாமையாளர்.
மார்கழியில் கூரை ஒழுகும்,
ஒரு பெடியன் முழங்கையை ஊன்றுவான்,
அவன் பார்ப்பான் என்றேன்.
முப்பத்தைந்து என்றே எழுதினேன்,
ஐந்தைக் கொஞ்சம் அழுத்தி.

இரவு மழை. வாளியை மூடி வைக்க
இரண்டு தரம் எழும்பினேன்.

காலை ஏழு இருபது:
பதின்மூன்று புள்ளி நாலு.
ஊதித்தான் இருக்கிறது, விளிம்பு பிரியவில்லை.
நகத்தைக் கொடுத்துப் பார்த்தேன்,
நகம்தான் முறிந்தது.

பதினெட்டுக்குத் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் கூட்டவேண்டும்.
கொட்டை அடுப்பில் வெடிக்கிறது.
வாசம் பிடித்துக்கொண்டு
வேலிக்கு அந்தப்பக்கம்
மாடு வந்து நிற்கிறது.