வெறும் லோரியின் எடை

பாடாங் செராய் ஆலை வாசலில்
எடைமேடை என் வேலை.
செம்பனைக் குலையோடு வரும் லோரியை ஒருமுறை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது மறுமுறை.
முதலதில் இரண்டாவதைக் கழித்து
மிஞ்சுவதற்குத்தான் காசு.

ஐந்தரைக்கு ஹாக்கி மட்டையோடு திடல்.
நானும் யுகநேஸ்வரியும் பின்வரிசை.
அவள் வலம், நான் இடம்.
ஏழு வருஷம் ஒரே சேறு,
ஒரே போத்தல் தண்ணீர்.

பெனால்ட்டி கார்னர் கிடைத்தால் அவளைக் கூப்பிடுவார்கள்.
இடுப்பை மடக்கி, பந்தை மட்டையோடு இழுத்துவந்து
வீசுவாள் பாருங்கள்,
பலகை டப்பென்று சொன்ன பிறகுதான்
கோல்காரி குனிவாள்.

அந்த வருஷம் பதினான்கு கோல்.
அப்போதெல்லாம் நான் எங்கே நின்றேன் என்று
யாரைக் கேட்டாலும் தெரியாது.
பாதிக்கோட்டில், தனியாக,
ஒருவேளை பந்து திரும்பி வந்தால் என்று.

கோலாலம்பூரிலிருந்து வந்தவர்
ஜமால் வாத்தியாரின் நோட்டை வாங்கி
ஒரே ஒரு கட்டத்தை மேலிருந்து கீழே தடவினார்.
அவள் பெயரில் விரல் நின்றது.
என் பெயரில் வழுக்கியது.
அவளுக்கு வங்கியில் வேலை, மாதம் மூவாயிரம் வெள்ளி,
பச்சைத் தரை விரித்த திடல்.

பொறாமை இல்லை என்றால் பொய்.
தடுத்ததை எழுத அந்த நோட்டில் கட்டம் கிடையாது.
நடக்காமல் போனதை
எந்தப் பேனா எழுதும்?

அவள் போனதும் கார்னர் என் தலையில் விழுந்தது.
கூலிமோடு ஆட்டம். மழை விட்ட திடல்.
இழுத்தேன், சறுக்கினேன்,
எவள் மட்டையிலோ பட்டுத் திசை மாறி
உள்ளே போய்விட்டது பந்து.

முன்னால் போகும் ருசி அன்றுதான் தெரிந்தது.
போனேன். மறுபடி போனேன்.
வாத்தியார் கத்தியது காதில் விழுந்தும் போனேன்.
இடப்பக்கம் கதவு திறந்து கிடந்தது;
கூலிம்காரிகள் மூன்று தடவை
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து போனார்கள்.

மறுநாள் பேப்பரில் ஒரு விரற்கடை:
கூலிம் 3, பாடாங் செராய் 1.
கோல் அடித்தவர் இந்துமாலினி.
கேண்டீன் அஸ்மா கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிட்டாள்,
வாழைப்பழப் பலகாரத்தின் விலைக்குப் பக்கத்தில்.

செவ்வாய்க்கிழமை போன்.
'கோல் போடுகிற தற்காப்பு ஆட்டக்காரி நீங்கள்தானே?
சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?'
ஏழு வருஷத்தில் முதல் தடவை
ஒருவர் என் விலையைக் கேட்கிறார்,
நாங்கள் தோற்ற வாரத்தில்.

ஒரு நிமிஷம், என்றேன்.
மேடையில் லோரி ஏறியிருந்தது, காலியாக,
சக்கரமெல்லாம் செம்மண்.
எண் துடித்து நின்றது:
ஒன்பதாயிரத்து நானூற்று இருபது கிலோ.
எழுதினேன். கழித்தேன்.
ஓட்டுநர் சீட்டுக்காகக் கண்ணாடியைத் தட்டுகிறார்.
போன் இன்னும் காதில்.