இடப்பக்கம், வலப்பக்கம்

எண்ணாயிரத்து நானூறு ரூபாய்ப் போத்தல்.
ஒரு தலைக்கு இரண்டு அமுக்கு.
மூன்றாவது அமுக்குக்கு
டிலானி மேடம் கண்ணாடி வழியே பார்ப்பார்.

ஞாயிறு, ஹட்டனில் கடை பூட்டும் நேரம்,
பேசினுக்குள் என் தலையையே கவிழ்த்தேன்.
வகிட்டுக்கு இடப்பக்கம் அந்தப் போத்தல்.
வலப்பக்கம் பாமசியில் வாங்கிய
இருபது ரூபாய்ப் பக்கட், பல்லால் கிழித்தது.
நாக்கில் பட்டது. கசப்பு.
நியாயத்துக்கு மற்றதையும் நக்கிப் பார்த்தேன்,
அதுவும் கசப்புத்தான்.

தலவாக்கலை பஸ்ஸில் ஜன்னல் சீட்.
சென்கிளையர் வளைவில் பனி உள்ளே ஏறி
டிக்கட் கேட்காமல்
இரண்டு பக்கத்தையும் நனைத்தது.

அறையில் யோகமலரிடம் தலையைக் கொடுத்தேன்.
"எந்தப் பக்கம் பணக்காரி, சொல்லு."
மோந்தாள். விரல் விட்டு அளைந்தாள்.
வலது என்றாள். இல்லை, இடது.
"ரெண்டுலயும் பேன் இல்ல, படு."

செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்தார்.
மகளுக்கு மறுநாள் கல்யாணம்.
கொண்டையை அவிழ்த்தால், உச்சிக்குக் குறுக்கே
கூடைக் கயிறு இருபத்தாறு வருசம்
உட்கார்ந்து எழும்பிய தடம்,
ஆள் போய்ப் போய்ப் புல் முளைக்காத
குறுக்குப்பாதை மாதிரி.

போத்தலைக் காட்டிக் கேட்டார்,
"இது போட்டா இங்க முளைக்குமா புள்ள?"

மேடம் பில் எழுதிக்கொண்டிருந்தார்.
"முளைக்காதுக்கா" என்றேன், மெதுவாக.
"தெரியும். வாசமாச்சும் ஏறட்டும்."

சுடுதண்ணியைத் திறந்தேன்.
ஒன்று. இரண்டு.
கண்ணாடியில் மேடம் நிமிர்ந்தார்.
மூன்று.